சந்தனம் போயிடுச்சா?

சென்ட் கடையில் நின்ற மோப்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோப்பம் என்பது மீன் கிடங்கில் அவனுக்கு வைத்த பெயர். பெட்டிமேல் மூக்கை வைத்தானென்றால் எந்த மீன் நாளைவரை தாங்கும், எது தாங்காது என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கை நம்பித்தான் ஒரு தேயிலை நிறுவனத்தில், தேநீரை முகர்ந்தும் சுவைத்தும் தரம் பிரிக்கிற சுவைக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். வேலை கிடைத்தால் பனிக்கட்டிக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பேருந்தில் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வருகிற அவமானத்துக்கும்தான்.

அந்தக் காலி இருக்கைதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. தன்மேல் மீன் வாடை வீசுகிறதா என்று அவனுக்கே தெரியாது. ஊரார் வாசனையையெல்லாம் பிரித்துச் சொல்கிற மூக்கு, தன் சட்டைக்குள் குனிந்தால் ஊமையாகிவிடும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது மூக்குக்கும் பொருந்தும் போல.

"இந்த நாத்தத்தோட போனா வாசலோட அனுப்பிடுவாங்க அண்ணி."

"அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன். மூஞ்சிய இப்படி வெச்சுக்காத, கடைக்காரர் பயந்துடப் போறார்."

கடைக்காரர் காகிதத் துண்டுகளில் ஒவ்வொன்றாகத் தெளித்து நீட்டினார். முதலாவது எலுமிச்சை. "பாத்திரம் தேய்க்கிற சோப்பு" என்று அண்ணி தள்ளிவிட்டாள். அடுத்தது ரோஜா. "இத போட்டுட்டுப் போனா வேலை கேக்க வந்தியா, பொண்ணு கேக்க வந்தியான்னு குழம்பிடுவாங்க."

மூன்றாவதை மோப்பம் வாங்கி இரண்டு தடவை முகர்ந்தான். முதலில் பென்சில் சீவியது போல ஒரு வறண்ட மரவாசனை. கொஞ்சம் பொறுத்தால் அதற்கடியில் சூடான பால் போல ஒன்று. இரண்டும் அவசரப்படவில்லை.

"சந்தனம் சார். பழைய பாணி" என்றார் கடைக்காரர். "பூவாசனை மாதிரி அரைமணியில ஓடிடாது. மரமாச்சே! காலையில ஒரு தடவை அடிச்சா சாயங்காலம் வரைக்கும் கூடவே இருக்கும்."

"நல்லா படிச்ச ஆளு மாதிரி இருக்கு அண்ணி."

"ஆமா, அலட்டாம நிக்குது. எடுத்துக்கோ."

தேர்வு நாள் காலையில் கழுத்தில் ஒரு தடவை அடித்தான். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் வாசனையைக் காணோம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று மணிக்கட்டிலும் அடித்தான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனாள். மீன்தான், சந்தேகமே இல்லை! இறங்கியதும் சட்டைக்குள் அடித்தான். நிறுவனத்துக் கழிப்பறையில் எதற்கும் இருக்கட்டும் என்று கைக்குட்டையிலும் அடித்துக்கொண்டான்.

சுவைக்கூடத்தில் நீண்ட வெள்ளை மேசையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. தலைமைச் சுவைஞரான அம்மாள் கதவைத் திறந்தார், மூச்சை ஒருமுறை இழுத்தார், வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய் ஜன்னலைத் திறந்தார்.

"என்ன போட்டிருக்கீங்க?"

"சந்தனம் மேடம்."

"போட்டிருக்கீங்களா, குளிச்சிருக்கீங்களா?" அவர் அடுத்த ஜன்னலையும் திறந்தார். "இங்க யாரும் முகத்துக்குப் பவுடர்கூட போடறதில்ல. வாசனை பாக்கற வேலைக்கு வாசனையோட வருவாங்களா?"

போன மாதம்தான் மீன் கிடங்குக்கு சென்ட் போட்டு வந்த புது ஆளை, "பெட்டிகிட்ட வராதே, மூக்கு கெட்டுப் போயிடும்" என்று அவனே விரட்டியிருந்தான். அது எப்படி மறந்தது? மீனை மறைக்கிற பயத்தில் மூளை மழுங்கிவிட்டது.

"கழுவிட்டு வந்துடறேன் மேடம்" என்று ஓடினான். கழுத்து சிவக்கத் தேய்த்துவிட்டு வந்தான். அம்மாள் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "இப்போ சந்தனத்தோட சோப்பும் சேந்துடுச்சு."

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "நான் மீன் கிடங்குல வேலை பாக்கறேன் மேடம். அந்த வாடை வந்துடக் கூடாதுன்னுதான்..."

"வருதா, இல்லையான்னு நான் எப்படிச் சொல்றது? எல்லாத்தையும் மூடிட்டீங்களே!" சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைகளைத் துணியால் மூடினார். "நாளைக்கு முதல் ஆளா வாங்க, எதையும் பூசிக்காம. மறுபடி ஜன்னலைத் திறக்க வெச்சீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிடணும்."

வீட்டில் குளியலறைத் தண்ணீரெல்லாம் தீர்ந்தது. துணிச் சோப்பைப் போட்டுத் தோல் எரியத் தேய்த்தான். "அண்ணி, சந்தனம் போயிடுச்சா?"

அண்ணி தும்மினாள். "எனக்கு ஜலதோஷம் தம்பி. எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது. உங்க அண்ணனைக் கேளு."

அண்ணன் அவன் கழுத்தருகே குனிந்து வெகுநேரம் யோசித்தான். "இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"மீனு?"

"ரொம்ப வருஷமா உன்கூட இருக்கேன்டா. என்னைப் போய்க் கேக்கற!"

அன்றிரவு மதில்மேல் பூனையாகத் தவித்தான். சந்தனம் போகாவிட்டால் வேலை போச்சு. போய்விட்டால் அடியிலிருந்து மீன் எழும்பும், அப்போதும் போச்சு.

காலையில் வெறும் தண்ணீரில் குளித்து, வெறும் தண்ணீரில் அலசிய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கடைசி நிறுத்தங்களில் ஒன்றில் பருத்த மனிதர் ஒருவர் ஏறி, தொப்பென்று அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்து அவன் தோளில் சாய்ந்துவிட்டார். மோப்பம் அசையவில்லை. உலுக்கி எழுப்பி, "ஐயா, ஏதாவது வாசனை வருதா?" என்று கேட்டுவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. ஒருவேளை அவருக்கும் ஜலதோஷமோ என்னவோ.

சுவைக்கூடத்துக் கதவைத் தட்டினான். அம்மாள் திறந்தார். மூச்சை ஒருமுறை இழுத்தார். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முறையும் இழுத்தார். மோப்பத்தின் கண் ஜன்னலிலேயே இருந்தது. அது சாத்தியிருந்தது.

அம்மாள் மேசைப் பக்கம் போய்க் கோப்பைகள்மேல் இருந்த துணியை எடுத்தார்.

"உக்காருங்க" என்றார்.