ஊசி போட்டாச்சு

ஐஸ் பெட்டியைத் தாராவி வீட்டின் ஒடுங்கிய படிக்கட்டில் சாய்த்துச் சாய்த்து மேலேற்றிக்கொண்டிருந்தார்கள். இறந்துபோன ஞானதுரையின் போன் மகள் பிரபாவதியின் கையில் அதிர்ந்தது. திரையில் தினசரி நினைவூட்டல்: "ஊசி போட்டீங்களா, அப்பா?"

அவள் செய்துவைத்ததுதான். ஓரிடத்தில் ஒன்று நடந்தால், அந்தத் தகவலே போய் அடுத்த இடத்தில் இன்னொன்றைத் தானாக நடத்திவைக்கிற மென்பொருள் தளம். ஆபீசில் அதுதான் அவள் பிழைப்பு. கம்பெனிகளுக்குச் செய்வதை வீட்டுக்கும் ஒன்று செய்தாள். அப்பா இன்சுலின் போட்டுப் பொத்தானைத் தொட்டால், புனேயிலிருக்கும் தம்பி ராஜகுமாருக்குச் செய்தி போகும். ஒன்பது மணிவரை தொடாவிட்டால் அவன் போன் விடாமல் அலறும்.

அவனோ இப்போது தனியாகக் காரோட்டி வந்துகொண்டிருந்தான், பாவம். அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும்தான் ராத்திரி சொல்லியிருந்தார்கள். விடியும்போது உயிர் போனது அவனுக்குத் தெரியாது.

அம்மா தங்கத்தாய் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அவனுக்கு அடிச்சிருமா இது?"

"இப்போ அடிக்கும்மா, ஒம்பதாகப் போவுது."

"மலை எறங்கி வரணுமே பிள்ள. தெரிஞ்சா கை நிக்குமா அவனுக்கு? நிப்பாட்டு."

"நிப்பாட்ட லேப்டாப் வேணும். அது செம்பூர்ல எங்க வீட்டுல கெடக்கு."

"அப்போ அத அமுக்கு."

அமுக்கினாள். லிஃப்ட் பொத்தானை அமுக்கியது போலத்தான் இருந்தது.

உடனே தம்பி கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"என்னக்கா, ஊசி போட்டாச்சாம்ல? என்னைய வரவைக்க ராத்திரி என்ன நாடகம் போட்டீய! அப்பாட்ட குடு."

"தூங்குதாவ. நீ மெதுவா வா."

"மெதுவாத்தான் வாரேன். லோனாவாலால டீ குடிக்கேன். சர்க்கரையில்லாத சிக்கி, அதான் இந்த ஊரு கடல மிட்டாய், கெடைக்கான்னு பாக்கேன், அவியளுக்கு."

"சரி."

பெட்டிக்குள் அப்பாவை வைத்து மூடினார்கள். சிறிது நேரத்தில் வாசலில் மருந்துக்கடை அஸாருதீன் நின்றார், கையில் சின்னப் பையோடு. பிரபாவதி மறந்தே போயிருந்தாள். பொத்தானை அமுக்கினால் வீட்டு மருந்தின் இருப்பு குறையும். குறைந்தால் கடைக்கு ஆர்டர் தானாகப் போய்விடும்.

"இன்சுலின்மா. குளிர்ல வெக்கணும்," என்றார் பழக்கத்தில். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். "யா அல்லா... திருப்பிக் கொண்டுபோறேம்மா."

திருப்பினால் அதுவும் ஒரு செய்தியாகித் தம்பிக்குப் போகும்.

"குடுங்க பாய்."

வாங்கிக்கொண்டு, பெட்டியைச் சுற்றிப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டுக்குக் கீழே மருந்தை நிறுத்திவைத்தாள். கதவு சரியாகச் சேரவில்லை. முழங்காலால் தள்ளி மூடினாள்.