வால் நறுக்கிய தையல்

"வாயைத் திற."

"திறக்காமலா பேசிக்கிட்டிருக்கேன்?"

"பேசறதுக்குத் திறக்கறது வேற, பாக்கறதுக்குத் திறக்கறது வேற. நாக்கைக் கொஞ்சம்..."

"என் நாக்கு உங்களை என்ன பண்ணுச்சு?"

"உள்ள இழுத்துக்கோன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள பாயறே."

"டார்ச்சை எடுங்க முதல்ல. இது வாய். உங்க சுவிட்சு போர்டு இல்ல."

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பதற்கே இடம் போதாது. இதில் எலக்ட்ரீஷியன், தான் வேலைக்குக் கொண்டுபோகும் தடித்த டார்ச்சைப் பிடித்திருந்தார். அவர் மனைவி, தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள், ஒரு கையால் தன் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தாள். மறு கையில் பஞ்சு சுற்றிய குச்சி. அவளுடைய கடைசிக் கடைவாய்ப்பல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்ததால், போன வாரம் பல் டாக்டரிடம் ஈறைக் கீறி எடுத்துத் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தில் இன்று காலை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"சீழ்தான். சந்தேகமே இல்ல," என்றாள்.

"வாடை அடிக்குதா?"

"வாய்னா வாடைதான் அடிக்கும்."

"அந்தக் குச்சியைக் கீழ போடு."

"துடைச்சு எடுத்துட்டா சுத்தமாயிடும். எங்கப்பா காலும் இப்படித்தான். ஆணி குத்தின இடத்துல இதே மாதிரி வெள்ளையா ஒரு படலம். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எல்லாரும் சொன்னீங்க. கடைசியில முழங்காலுக்குக் கீழ நிஜமாவே ஒண்ணுமில்லாமப் போச்சு. தாடையை எடுத்துட்டா நான் எதை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட சண்டை போடறது?"

சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இங்க ஒரு தையல் இருந்துச்சே. பிரிஞ்சு தொங்குது?"

அவள் கன்னத்தை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"நூல் நீட்டிக்கிட்டிருந்துச்சு. கன்னத்தைக் குத்துச்சு. நேத்து நறுக்கி விட்டேன்."

"எதால?"

"நூல்வெட்டியாலதான். வெந்நீர்ல போட்டு எடுத்தேன், சும்மா இல்ல."

"கடை நூல்வெட்டியா? அடிப்பாவி!"

"முடிச்சுப் போட்டுட்டு யாராவது அவ்வளவு நீளம் வால் விடுவாங்களா? அப்படி ஒரு சட்டையைக் கொடுத்தா என் மூஞ்சியிலயே விட்டெறிவாங்க. கண்ணுல பட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

எலக்ட்ரீஷியன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, பஞ்சுக்குச்சியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டைப்பையோடு சேர்த்து அவரும் கிளம்பியதால், அவளும் பின்னாலேயே பல் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று.

டாக்டரம்மாவுக்கு வயது குறைவு. அதட்டல் மட்டும் வயதானவர்களுடையது.

"யாரு இதை வெட்டினது?"

"நான்தான்," என்றாள் தையல்காரி. வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் அது "ஆந்தான்" என்று வந்தது.

"நீங்க தைக்கற துணி காஞ்சிருக்கும், முடிச்சு அப்படியே நிக்கும். இங்க எப்பவும் ஈரம். வழுக்கும். அதனாலதான் வால் விடறோம். வாலை ஒட்ட நறுக்கினா முடிச்சு நழுவாம என்ன பண்ணும்? சரி, காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"வீக்கம்?"

"வடிஞ்சிருக்கு."

"வலி நேத்தைவிட?"

"கம்மிதான். பயம்தான் ஜாஸ்தி."

"பயத்துக்கு என்கிட்ட ஊசி இல்லையே. ஒண்ணு காட்டறேன், பாருங்க."

பேனா அளவில் ஒரு கேமரா வாய்க்குள் போயிற்று. எதிரே இருந்த திரையில் ரோஜா நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கு விரிந்தது. ஈரத்தில் அது பளபளத்தது. இரண்டு கரைகளுக்கும் நடுவே பனி இறங்கியது போல அந்த வெள்ளை.

"இது சீழ் இல்ல. காயத்து மேல உடம்பு போட்டுக்கிட்ட மூடி. இதுக்கு அடியிலதான் புது சதை வளருது. துடைச்சிருந்தீங்கன்னா, கிருமி வரட்டும்னு நீங்களே வழி விட்ட மாதிரி ஆயிருக்கும். கரையைப் பாருங்க. தையல் பிரிஞ்சும் அது விலகல. ஒட்டிக்கிச்சு. நான் இனிமே தைக்க வேண்டியது எதுவும் இல்ல."

தையல்காரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பட்டும் பருத்தியும் பார்த்துப் பழகிய கண், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று தேடியது. ஊசி ஏறிய துளை எங்கே? நூல் போன தடம் எங்கே? கரை எங்கே முடிகிறது, இன்னொரு கரை எங்கே தொடங்குகிறது என்றே சில இடங்களில் சொல்ல முடியவில்லை.

"எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கு?"

"எல்லாப் பக்கத்துலேருந்தும்."

"எல்லாப் பக்கத்துலேருந்தும் இழுத்தா நடுவுல சுருக்கம் விழுமே."

"விழல, பாருங்க."

"ஈரத்துல."

"ஆமா."

"நான் சாப்பிடறேன், கொட்டாவி விடறேன், இவரோட கத்தறேன். துணி ஆடிக்கிட்டே இருக்குது. அதுல எவ தைக்கறது, டாக்டர்?"

"அதான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்," என்றார் டாக்டரம்மா. அதட்டல் எங்கோ போயிருந்தது. "வாய்க்குள்ள கோடிக்கணக்கில கிருமி இருக்கும்மா. அதுங்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு இதைச் செய்யுது. தினமும் பாக்கறேன். இன்னும் பழகல எனக்கு."

எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் கை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கருகிப்போன ஒரு வயர்கூட அவர் வாழ்நாளில் தானாக ஒட்டிக்கொண்டதில்லை.

வெந்நீரில் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும், மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது, வலி ஏறினாலோ வாய் கசந்து வீங்கினாலோ உடனே வர வேண்டும் என்றெல்லாம் டாக்டரம்மா சொன்னார். தையல்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே நடைபாதையில் கூட்டம். யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவள் கன்னத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தாள், தொட்டிலில் தூங்கும் பிள்ளையின் மேல் வைப்பது போல. சிறிது தூரம் போனதும் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இப்பக்கூடவா? நான் இங்க நின்னு உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கும்போதே அது வேலை பாத்துக்கிட்டிருக்குதா?"