வடிவாச் சாப்பிடுவது

இந்த முழங்காலோடு மேமலை ஏறினால் ஒரு நாள் உருண்டுதான் இறங்குவாய் என்று கங்காணி சொல்லிவிட்டார். வலி குறையாவிட்டால் கீழே ரோட்டோரம் புல்லு வெட்ட அனுப்பிவிடுவாராம். புல்லு வெட்டுவதில் கேவலமில்லை. ஆனால் கருப்பம்மா மேலே கொழுந்து பறிக்கும்போது நான் கீழே யாரோடு வாயடிப்பது? கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவள் பறிக்கும் செடி நிரைக்கு அடுத்த நிரைதான் என் நிரை. பத்து மணித் தேத்தண்ணிக்கு என் ரொட்டியும் அவள் அரைத்த தேங்காய்ச் சம்பலும் ஒரே தாளில்தான் விரியும்.

அதனால் பசறையில் பஸ் பிடித்துப் பதுளை கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் சரோஜாதேவி யாழ்ப்பாணத்துக்காரர், அன்பானவர். முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, உடம்பு குறைந்தால் வலியும் குறையும் என்றார். நான் எழுந்திருக்கும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இரவிலை கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. காலமையும் மத்தியானமும் வடிவாச் சாப்பிடுங்கோ, அம்மா."

வடிவு என்றால் அழகு. இதுகூடத் தெரியாதவளா நான்? டிவி நாடகத்தில் பங்களாக்காரப் பெண்கள் சாப்பிடுவார்களே, விரல் நுனியால் கிள்ளி, முக்கால்வாசியை மீதம் வைத்து, அப்படிச் சாப்பிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். அரை ரொட்டி, அதுவும் நகத்தளவு நகத்தளவாக. சம்பலைத் தொடவில்லை.

"ஒரு வாய் எடுத்துக்கடி," என்றாள் கருப்பம்மா.

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

முதலில் பசி வயிற்றைப் பிறாண்டியது. பிறகு ஒரு நாள் பசியே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. எடையும் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் அது அசைய மறுத்துவிட்டது. மலையில் கால் நடுங்கியது, கொழுந்து நிறை குறைந்தது, புருஷன் தும்மினால்கூட எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் அந்தப் பாழாய்ப்போன பசி மொத்தமாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வைத்த மிச்சம், சட்டியில் ஒட்டிய கருவாடு, சீனி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நின்றபடியே விழுங்கினேன். அழுகையாக வந்தது.

அதைவிடக் கொடுமை, கருப்பம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கைச் சம்பல் எனக்கு இளப்பமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தேத்தண்ணி நேரத்தில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருக்கத்தானே இத்தனை பாடும்!

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். விரலால் கிள்ளிக் காட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரி வடிவாகத்தான் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வடிவா எண்டா எங்கட ஊரிலை நல்லா, வயிறாற எண்டு அர்த்தம். நான் உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லேல்லை."

"நீங்க சிரிச்சிருவீங்க டொக்டரம்மா. காஞ்சது என் வயிறு," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டினி போட்டால் பசி கொஞ்ச நாள் செத்த மாதிரி கிடக்கும், பிறகு வட்டியோடு எழும்பும் என்றார். காலையில் முழு ரொட்டி, கூடவே பருப்போ முட்டையோ. மத்தியானம் சோற்றைவிடக் கீரையும் கறியும் கூடுதலாக. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். மெதுவாகக் குறைந்தால் போதும் என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு, தள்ளி உட்கார்ந்திருந்த கருப்பம்மாவின் முன்னால் போய் முழு ரொட்டியை விரித்தேன். வடிவுக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். சம்பல் விளிம்புவரை இருந்தது.

"இம்புட்டும் ஒனக்கு மட்டுமா?" என்றேன்.

"தெனமும் ரெண்டு பேருக்குத்தான் அரைக்கிறேன். மிச்சத்த நாயிக்குப் போட்டுட்டுப் போறேன். கோவம் வாயிக்குத்தானே, கைக்கு எங்க தெரியுது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உறைப்பில்தான் என்று சொல்லிவிட்டேன். உடம்பு இப்போது நிதானமாக இறங்குகிறது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது, கங்காணியும் புல்லுவெட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. பத்து மணியானால் நன்றாகப் பசிக்கிறது. கருப்பம்மா டப்பாவைத் திறந்து, "வடிவாச் சாப்பிடுடி," என்கிறாள். சாப்பிடுகிறேன்.