பங்கு பிரியாத வீட்டில் கம்பம் நிறுத்துவது எப்படி

ரேடியோ ஏரியலுக்குக் கம்பம் நிறுத்துவது பற்றி இங்கிலீஷில் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. மூன்று பக்கமும் இழுகம்பி கட்டு, அளவாக முறுக்கு, கேபிள் நுனியில் மழைத்தண்ணீர் இறங்காமல் தார் பூசு என்று படம் போட்டுச் சொல்வார்கள். பங்காளிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியவர்கள் யாரும் காரைக்குடியில் குடியிருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

முத்துராமன் என்னோடு காலேஜில் பௌதிகம் படித்தவன். வீட்டிலிருந்தபடியே கடல் தாண்டிப் பேச சர்க்கார் கொடுக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸை அறுபத்தெட்டில், படிக்கும்போதே வாங்கினான். மலேயாவில், ஈப்போவில் கடை பார்த்துக்கொண்டிருந்த அவன் அண்ணன் நாச்சியப்பனிடமும் அந்த ஊர் லைசென்ஸ் இருந்தது. தம்பிக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்தான். ஆனால் தம்பியிடம் ஒழுங்கான கம்பம் இல்லாததால், இரண்டு பேரும் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆவணியில் அண்ணனிடமிருந்து கடுதாசி வந்தது. தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். 'ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். ஆத்தாளைப் பக்கத்தில் உட்கார வை. அதற்கப்புறம் எனக்குப் பேச்சு இல்லை.' டிரங்க் கால் போட்டும் பார்த்திருக்கிறார். அது மெட்ராஸ் வரைக்கும் வந்து செத்துப்போயிற்று.

ஆகக் கம்பம் வேண்டும். வீட்டுக்கு நடுவில் திறந்த முற்றம் தோதான இடம். வீட்டில் மூன்று பங்கு: அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பச்சி பெத்தாச்சி, இளையவர் சித்தப்பா வயிரவன், நடுவில் பிறந்து செத்துப்போன அப்பச்சிக்காக முத்துராமனின் ஆத்தாள் தேனம்மை ஆச்சி. முற்றம் மூவருக்கும் பொது. பொது என்றால் யாரும் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது என்று அர்த்தம்.

"நிறுத்திக்கப்பா, வேணாங்கல" என்றார் பெத்தாச்சி. "குழி மட்டும் தோண்டக் கூடாது. இன்னைக்குக் குழி, நாளைக்கு அனுபோக உரிமை, நாளான்னிக்குச் சிவகங்கைக் கோர்ட்டு."

வயிரவனிடம் போனோம். "அவுக குழி வேணாங்குறாகன்னா, அதுல அவுகளுக்கு என்னமோ சாதகம் இருக்கு."

"என்ன சாதகம் சித்தப்பா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்குட்டு உக்காந்திருக்கேன்?"

கடைசியில் குழி இல்லாமல் ஒரு தட்டைக் கல்லின்மேல் இரும்புக் குழாயை நிறுத்தினோம். நான்கு துண்டு, நுனியில் மரை வெட்டி ஒன்றோடொன்று திருகிச் சேர்த்தது. மூன்று இழுகம்பிகள், பங்குக்கு ஒன்றாக மூவருடைய தூண்களிலும். ஒவ்வொன்றிலும் இறுக்குவதற்கு ஒரு திருகு. அப்பச்சி செத்த பிறகு அந்த வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட முதல் காரியம் அதுதான் என்று ஆச்சி கண்ணைத் துடைத்தார்கள். உச்சியில் ஏரியல் ஏறியது. கேபிள் கீழே வந்து முத்துராமனின் மேசையில் சேர்ந்தது. கொழும்புக்காரர் ஒருவர் முதல் நாளே பதில் கொடுத்தார்.

"நாங்க காலேஜ்ல இருக்கப்ப காத்தடிச்சுக் கம்பி தொய்ஞ்சா, லேசா ஒரு சுத்து விடுங்க" என்று மூன்று வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தான் முத்துராமன். அவன் நல்ல விஞ்ஞானி. மனுசரைப் படிக்கவில்லை.

காற்று அடித்தது. கம்பம் வயிரவன் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தது.

"வீடு அவன் பக்கம்னுல்ல ஊரு நினைக்கும்" என்று பெத்தாச்சி திருகை முறுக்கினார். கம்பம் இவர் பக்கம் வந்தது. மத்தியானம் தூங்கி எழுந்த வயிரவன் இதைப் பார்த்தார். அவரும் முறுக்கினார். மறுநாள் பெத்தாச்சி. அதற்கு மறுநாள் வயிரவன். கம்பம் இப்போது யார் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றது. கம்பிகளைத் தட்டினால் வீணை மாதிரி சத்தம் கேட்டது. நாங்கள்கூட அதைப் பார்த்து மெச்சினோம். மூன்று பக்கமும் கீழ்நோக்கி இழுத்தால் குழாய் தாங்காது, மரையிட்ட இடத்தில் மடங்கும் என்று புத்தகத்தில் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. பிறகு பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆச்சி குளித்துவிட்டு முற்றத்துக்கு வந்தார்கள். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அவுக ரெண்டு பேரும் அவுக பக்கம் இழுத்துக்கிட்டாக. புருசன் இல்லாதவ பங்குன்னா இளப்பமாப் போச்சா?"

"ஆத்தா, தொடாதீக!" என்று முத்துராமன் மாடியிலிருந்து கத்தினான்.

அதற்குள் ஆச்சி பலமாக இரண்டு சுற்று விட்டிருந்தார்கள்.

இரண்டாவது மரையில் குழாய் முழங்கால் மாதிரி மடங்கியது. உச்சித் துண்டு வயிரவனின் ஓட்டின்மேல் விழுந்தது. கேபிள் வேரோடு பிய்ந்தது. யாருக்கும் அடியில்லை. அதனால் உடனே சண்டையை ஆரம்பிக்க முடிந்தது.

"என் ஓட்டுக்கு யாரு பொறுப்பு?"

"உன் ஓடு ஏன்டா கம்பம் விழுற எடத்துல இருந்துச்சு?"

ஆச்சி திருகைப் பிடித்த கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முத்துராமன் பிய்ந்த ஏரியல் கம்பியைத் தூணுக்குத் தூண் கொடி மாதிரி கட்டினான். கேபிளை அவசரத்தில் பற்றவைத்தான். கேட்பதற்கு அது போதும். பேசுவதற்கு ஏரியல் அளவோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்புகிற சக்தி பெட்டிக்குள்ளேயே திரும்பி வரும். ஸ்விட்சைப் போட்டான். குரலை வெளியே அனுப்புகிற வால்வின் உள்தகடு செக்கச்சிவந்து எரிந்து அணைந்தது. இனி கேட்கலாம், பேச முடியாது; வேறு வால்வு வேண்டுமென்றால் மெட்ராஸுக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மலேயாக்காரன் பேசப்போகிறான் என்றால் ஓட்டுச் சண்டைக்குக்கூட ஒத்திவைப்பு உண்டு. இரைச்சலுக்கு நடுவில் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"முத்து... அண்ணன் கூப்பிடுறேன்டா. கேக்குதா?"

ஆச்சி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"கேக்கலியா? சரி, நான் பேசுறேன். கம்பம் நிறுத்தப் பெரியப்பச்சியும் சித்தப்பாவும் ஒத்துக்கிட்டாகன்னு எழுதியிருந்தே. அவுக கால்ல நான் விழுந்ததாச் சொல்லு. ஆத்தா பக்கத்துல இருக்காகளா? ஒரு சத்தம் குடுடா. மைக்கையாச்சும் தட்டு."

முத்துராமன் எரிந்துபோன வால்வைப் பார்த்தான்.

"நாச்சி சொல்றதெல்லாம் நல்லாத்தானே விளங்குது" என்றார் பெத்தாச்சி. "இதுக்கு எதுக்குக் கம்பம்? சும்மா எங்களைப் போட்டு அலைக்கழிச்சிட்டீக."

"தொண்டையும் நல்லாத்தான் இருக்கு" என்றார் வயிரவன். "டாக்டருக சும்மா பயமுறுத்துறானுக."

"முத்து, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன். கேட்டா சொல்லு" என்றது பெட்டி.

ஆச்சி மகனைப் பார்த்தார்கள். "நான் பேசவாப்பா?"

லைசென்ஸ் இல்லாதவர் மைக்கில் பேசினால் குற்றம். செத்த பெட்டியில் பேசுவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. முத்துராமன் மைக்கை எடுத்து ஆத்தாள் கையில் கொடுத்தான். எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் காட்டினான்.

"நாச்சி, ஆத்தா இருக்கேன்யா" என்றார்கள். "கேக்குதுய்யா. எல்லாம் கேக்குது. நீ தொண்டைய வருத்திக்கிறாத, போதும்."

"ஆத்தா? முத்து?" என்று அங்கிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஆச்சி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.