மறுபக்கத்துக் கயிறு

காளியப்பனுக்கு ஊரில் இருந்த சிநேகிதன் ஒரே ஒருவன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் காளியப்பன் தலைகாட்டமாட்டான். நாலு பேர் கூடிச் சிரித்தால் அவனுக்கு மூச்சு முட்டும். "எனக்குச் சரவணமுத்து போதும்" என்பான். இருந்துவிட்டுப் போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்தவன் அப்படிச் சொல்லலாமா?

விக்கிரம வருஷத்துச் சித்திரையில் வாய்க்கால் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கயிறு பிடித்து, கூடையை வீசி இறைத்தால்தான் கொடிக்குத் தண்ணீர் ஏறும். கொடி பட்டுப்போனால் குத்தகையும் போச்சு, இரண்டு வருஷப் பாடும் போச்சு. ஒரு பக்கம் காளியப்பன், மறுபக்கம் சரவணமுத்து; ஏழு வருஷமாக எந்தக் கொடிக்காலிலும் அப்படித்தான். அந்தச் சரவணமுத்து கரூரிலிருந்த தங்கச்சியைப் பார்க்கக் கிளம்பினான்.

"எட்டே நாளு, வந்துர்றேன்" என்றான்.

கொடி எட்டு நாள் தாங்காது. பக்கத்துக் கொடிக்கால் மாரியப்பன் வந்து, "நான் ஒரு பக்கம் புடிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. அவன் வந்துருவானுங்க."

மாரியப்பனோடு முகத்துக்கு முகம் அரை நாள் நிற்பதை நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசியது. குடத்தில் மொண்டு ஊற்றினான். மனைவி ராமாத்தாளும் சுமந்தாள், திட்டிக்கொண்டேதான் சுமந்தாள். ஆயிரம் கொடிக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? பன்னிரண்டாம் நாள் மேற்கோரம் முழுக்க இலை பழுத்துத் தொங்கியது.

"அவரப் போய்ப் பாத்துட்டாச்சும் வாங்க" என்றாள் ராமாத்தாள்.

கரூருக்குப் போகப் பரிசல் துறைக்கு நடந்தவன் வழியிலேயே நின்றுவிட்டான். ஆற்றோரத்துக் கொடிக்கால் ஒன்றில் சரவணமுத்து யாருடனோ கூடை வீசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடே காளியப்பா, வா வா. வந்து நாலு நாளாச்சு. இவங்க கூப்புட்டாங்க, நின்னுட்டேன். உனக்கு வேற ஆளு கெடைச்சிருக்கும்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் துளிக் குற்ற உணர்வு இல்லை. இருந்திருந்தால் காளியப்பன் சண்டையாவது போட்டிருப்பான். சரவணமுத்துவுக்கு ஊரெல்லாம் சிநேகிதம். அதில் காளியப்பனும் ஒருவன், அவ்வளவுதான். ஏழு வருஷம் இது தெரியாமல் இருந்தோமே என்று நெஞ்சு எரிந்தது.

"கெடைச்சுதுப்பா" என்றான்.

வீடு திரும்பியதும் ராமாத்தாள் கேட்டாள்: "மாரியப்பண்ணனைக் கூப்புடட்டுங்களா? கெழக்கோரமாச்சும் பொழைக்கும்."

அவன் பதிலுக்குக் காத்திராமல் அவளே போய்க் கூப்பிட்டாள். கேட்டதும் மாரியப்பன் வந்து, கயிற்றைப் பிடித்து எதிரே நின்றார். காளியப்பனும் தன் பக்கத்துக் கயிற்றை எடுத்தான். எதிரே இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மாரியப்பன் நல்ல மனுஷர், அது அவனுக்கும் தெரியும்.

"முடியலைங்க" என்று கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். கிழக்கோரமும் அந்த வாரத்தோடு போயிற்று.