கொரியப் பெண் பேசிய தமிழ்

தங்கை ரெனிஷா ஸ்கூட்டர் விபத்தில் போன பிறகுதான் ஜெபினா கொரிய நாடகம் பார்க்க ஆரம்பித்தாள். உயிரோடு இருந்தவரை ரெனிஷா நாகர்கோவிலில் இருந்து போன் போட்டு, தனக்குப் பிடித்த கொரியப் பாட்டுக்குழுப் பெண்களைப் பற்றி ஓயாமல் பேசுவாள். அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் ஜெபினா உம் கொட்டிக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். இப்போது அதே பெண்கள் நடித்த குட்டி வெப் தொடர் ஒன்று வந்திருந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு பகுதி முடிந்துவிடும்.

அன்று மத்தியானம் வெளியே பனி கொட்டியது. கணவன் மோசஸ் ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, வெளிச்சம் வராத பேஸ்மென்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஜெபினா காதில் இயர்போனோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டே தொடரைப் பார்த்தாள். குழுவிலேயே சின்னவள் பள்ளிச் சீருடையில் ஜன்னலோரம் நின்றாள். மெல்லத் திரும்பி நேராகப் பார்த்தாள்.

“அக்கா, அத்தான எழுப்பு.”

ரெனிஷாவின் குரல். சளி பிடித்த மாதிரி அதே கரகரப்பு. திரையின் அடியில், நாளைக்கு மழை வருமா என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது.

“சீக்கிரம் எழுப்புக்கா!”

ஜெபினா கத்தியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். மோசஸ் கண் திறக்கவில்லை. முகம் சிவந்து, உடம்பு துணியாய்த் துவண்டிருந்தது. அவளுக்கும் தலை சுற்றியது. எப்படித்தான் அவனைப் படியேற்றி இழுத்து வந்தாளோ, பனியில் போட்டுவிட்டு 911ஐ அழைத்தாள்.

ஹீட்டர் குழாயில் விரிசல், வாசனையே இல்லாத விஷவாயு என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டானாம்.

“நீ எதுக்கு கீழ வந்த?” என்று ஆஸ்பத்திரியில் மோசஸ் கேட்டான். அவள் சொன்னாள்.

“உனக்கு அவ நெனப்பு, ஜெபி. வேற ஏதோ காதுல விழுந்திருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அவனே டிவியில் அந்தப் பகுதியைப் போட்டான். சின்னவள் ஜன்னலோரம் நின்றாள். திரும்பினாள். நேராகப் பார்த்தாள். உதடு அசையவே இல்லை. அடியில் ஒரு எழுத்தும் ஓடவில்லை. மோசஸ் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தான். அந்தக் காட்சியில் யாருமே பேசவில்லை.

“ஆஃப் பண்ணிடலாம்,” என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது.

அதற்குள் அடுத்த பகுதி தானாகவே ஓட ஆரம்பித்தது. ரிமோட்டுக்கு நீண்ட அவன் கையை ஜெபினா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. இன்னும் ஏதாச்சும் சொல்லுவா.”