லேசான லேப்டாப்பும் தென்சியோவின் பாந்தாயும்

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்தவர் புது லேப்டாப்பை ஒற்றைக் கையால் அலட்சியமாக நீட்டினார். மில்ட்ரெட் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் ஏந்தி, கனத்தைத் தாங்க இடுப்பைக்கூடக் கொஞ்சம் வளைத்துக்கொண்டாள். வந்து விழுந்ததோ சாப்பிடும் தட்டு கனம்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

பழையதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு பாட்டம் அழுதே தீர்க்க வேண்டும். மூடியின் கீல் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. பேட்டரி செத்துப் பல காலம் ஆகிவிட்டதால் சுவரில் செருகியிருந்தால்தான் அதற்கு உயிர். யாராவது காலால் வயரைத் தட்டிவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் போச்சு. உள்ளே இருந்த விசிறி, ஆள் நிறைந்த ஜீப்னி வண்டி மேடேறுவது மாதிரி உறுமும். இத்தனைக்கும் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. சாயங்காலம் யாராவது புதிதாக ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "சூடாயிருச்சு சார், இதுக்கு மேல இழுக்காது" என்று மூடிவிட்டுக் கிளம்பலாம். அந்த உறுமலைக் கேட்டவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

மில்ட்ரெட் வேலை பார்ப்பது ஒரு ரொட்டிக் கம்பெனியில். எந்த லாரி எந்தக் கடைகளுக்கு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று வரிசை போட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. மணிலாவில் அது லேசுப்பட்ட வேலையா? கூட்ட நேரத்தில் பெரிய சாலைகளில் லாரி ஓடக் கூடாது. மழை வந்தால் பாதிச் சாலை ஆறாகிவிடும். காலையில் போட்ட வரிசை மத்தியானம் செல்லாக்காசு, உட்கார்ந்து முதலிலிருந்து போட வேண்டும்.

புதுசு வந்த அன்றைக்கே மேலாளர் ஜெரிக் அவள் மேசைக்கு வந்தான். அவளைவிட இருபது வயது இளையவன், மரியாதை தெரிந்தவன்.

"இனிமே நீங்க செவ்வாய், வெள்ளி லீவு போட வேண்டாம் மேம். இத எடுத்துக்கிட்டு அங்கேயே உக்காந்து பாருங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றான்.

மில்ட்ரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அவள் கணவன் தென்சியோவுக்கு டயாலிசிஸ். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரத்துக்கு இரண்டு தரம் மத்தியானம் முழுக்க அவன் மெஷினோடு கிடக்க வேண்டும். பக்கத்தில் பாந்தாய் இல்லாமல் அந்த சென்டரில் எவரையும் படுக்கையில் ஏற்றமாட்டார்கள். பாந்தாய் என்றால் நோயாளிக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர். திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கினால் குரல் கொடுக்க, காலைப் பிடித்துவிட, போர்வை இழுத்துவிட ஒரு ஆள். ஒரே மகன் கப்பலில் இருக்கிறான், வருடத்துக்கு ஒருமுறை முகம் காட்டினால் பெரிசு. ஆக தென்சியோவின் பாந்தாய் அவள்தான். அவளுடைய லீவெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாத அரைநாள்களும் தீரும் நிலைக்கு வந்திருந்தது. வேலையை விடலாம் என்றால், டயாலிசிஸ் ஓடுவதே கம்பெனி தந்த மருத்துவ அட்டையில்தான். இப்போது வேலையும் கையில், புருஷனும் பக்கத்தில். இதைவிட வேறென்ன வேண்டும்?

புதுசுக்குப் பழகுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கவாட்டில் இரண்டே இரண்டு ஓட்டைகள், அதுவும் எறும்பு நுழையும் அளவுக்கு. அவளுடைய மவுஸ் நுழையவில்லை, பென்டிரைவ் நுழையவில்லை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குட்டி இணைப்பு வாங்கி வால் மாதிரி தொங்கவிட வேண்டியிருந்தது. பழைய விசைகளைக் குத்திக் குத்திப் பழகிய விரல்களுக்கு இது தொட்டாலே இரண்டு எழுத்து போட்டது. சத்தமே இல்லாததால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அடிக்கடி காதை வைத்துப் பார்த்தாள். ஜீப்னியில் மடியில் பை வெறுமையாகக் கிடப்பது போலிருக்கும், திக்கென்று திறந்து பார்ப்பாள், இருக்கும். ஒருநாள் வீடு இருக்கும் மரிக்கினாவிலிருந்து ஆபீஸ் வரைக்கும் அப்படித் திறக்காமல் வந்துவிட்டாள், அன்றைக்குப் பார்த்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பழையதாக இருந்தால் தோள்பட்டை காட்டிக்கொடுத்திருக்கும். திரும்பப் போய் எடுத்து வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

டயாலிசிஸ் சென்டரில் முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. முன்னெல்லாம் அந்த மத்தியானங்களில் இருவரும் பேசுவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரனின் சண்டைச் சேவல் கூவும் நேரம், மகன் அனுப்பிய படம், அடுத்த தேர்தலில் யார் யார் நிற்கப்போகிறார்கள் என்கிற வம்பு. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் ஐஸ் துண்டை ஸ்பூனில் எடுத்து ஒவ்வொன்றாக அவன் வாயில் போடுவாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நீவிவிடுவாள். சில நாள் இருவருமே தூங்கிவிடுவார்கள். இப்போது ஒரு ஐஸ் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நான்கு லாரிகள் வந்தன. டம்ளரில் மிச்சமெல்லாம் தண்ணீராகிவிடும், அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருவாள்.

போகப் போக மீட்டிங்குகளும் வந்தன. அவள்தான் வேலையில் இருக்கிறாளே, பிறகென்ன? கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்பது ஜெரிக்கின் சட்டம். அந்தப் பளபளப்பான திரையில் தலைக்கு மேலிருக்கும் டியூப்லைட்டுகள் வரிசையாகத் தெரிந்து எழுத்தை மறைத்தன. நாற்காலியை அப்படி நகர்த்தி, இப்படி நகர்த்தி, கடைசியில் படுக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "ஒரு நிமிஷம் தென்சியோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மீட்டிங்கின்போது பேச முடியாததால், திரும்பாமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டப் பழகிக்கொண்டாள்.

"உன் விரலத்தான் இப்பல்லாம் நான் நிறைய பாக்குறேன்" என்று தென்சியோ ஒருதரம் கிண்டலடித்தான். பக்கத்துப் படுக்கைக் கிழவரின் மனைவி சோலெங் அக்கா அதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவளும் வருடக்கணக்காகப் பாந்தாயாக உட்கார்ந்து தேய்ந்தவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை வெளுத்து வாங்கியது. எஸ்பான்யா சாலையில் முழங்கால் தண்ணீர், லாரிகள் ஆங்காங்கே மாட்டிக்கொண்டன, கடைக்காரர்கள் ரொட்டி எங்கே என்று கத்தினார்கள். ஜெரிக் எல்லாரையும் மீட்டிங்குக்கு இழுத்தான். மில்ட்ரெட் காதுகளை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, குபாவோ பகுதி லாரிகளை எந்தப் பக்கம் திருப்புவது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஏதோ பட்டது போலிருந்தது. விரலை உயர்த்தினாள்.

ஜெரிக்தான் முதலில் பார்த்தான். பேச்சை நடுவில் நிறுத்தி, "மேம், உங்களுக்குப் பின்னாடி என்னமோ நடக்குது, பாருங்க" என்றான்.

அவள் திரும்பவில்லை. முதலில் திரையைத்தான் பார்த்தாள், அதைப் பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பே கூசியது. திரையின் மூலையில், சின்னக் கட்டத்தில், தன் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு படுக்கை, குனிந்த இரண்டு முதுகுகள், அந்தரத்தில் தூக்கிப் பிடித்த இரண்டு கால்கள். தென்சியோவின் கால்கள் என்று அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

ஹெட்செட்டை வயரோடு பிடுங்கிப் போட்டாள். நர்ஸ் லிசெல் மெஷினில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். சோலெங் அக்கா தென்சியோவின் கால்களைத் தன் தோளில் தாங்கி, கெண்டைச் சதையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் முகம் வெளுத்து, உதட்டோரம் வேர்த்திருந்தது. ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டதாம். "தென்சியோவோட பாந்தாய் யாரு" என்று லிசெல் மூன்று தரம் கூப்பிட்டாளாம். அதைச் சொன்னவள் சோலெங் அக்காதான், குற்றம் சொல்லும் குரலே இல்லை. "நீ வேலையா இருந்த, அதான் நான் வந்தேன்" என்றாள். எட்டாத தூரமா? கையை நீட்டினால் தொடும் தூரம்.

கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. நாற்காலியில் திறந்து கிடந்த லேப்டாப்பிலிருந்து ஜெரிக், மேம், அவர் எப்படி இருக்கிறார், முதலில் அவரைப் பாருங்கள், குபாவோ வரிசையை முடிந்தபோது அனுப்பினால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது மனசை ஆற்றியிருப்பாள்.

மழை விடட்டும் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் தென்சியோ சுவரில் தலையைச் சாய்த்திருந்தான்.

"வெள்ளிக்கெழம நீ ஆபீஸுக்குப் போயிடு" என்றான் பிறகு.

"அப்ப பாந்தாய்?"

"சோலெங் அக்காட்ட கேட்டுட்டேன். ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்குறாங்களாம். நர்ஸ்கிட்டயும் பேர் மாத்தச் சொல்லிட்டேன்."

"இன்னைக்கு ஒரு நாள் தப்பாயிடுச்சு தென்சியோ. அதான் நான் வர்றேன்ல?"

"நீ எங்க வந்த?" என்றான் அவன். கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "நீ ஆபீஸ்ல இருந்தீன்னா, பொண்டாட்டி ஆபீஸ்ல இருக்கான்னு இருந்துடுவேன் மில்லி. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இல்லாம இருக்க பாரு, அத என்னால தாங்க முடியல."

நியாயம் பேச அவளிடம் ஆயிரம் இருந்தது. மருத்துவ அட்டை யாருக்காக, இந்த ஓட்டம் யாருக்காக என்று கேட்டிருக்கலாம். அவன் அதெல்லாம் தெரிந்தவன்தான். மழை குறைந்ததும் எழுந்து, அவன் கையைப் பிடித்து வாடகை மோட்டார் டிரைசிக்கிளில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனாள். மத்தியானம்வரை லாரி வரிசை போட்டாள். பிறகு ஜெரிக்கிடம் போய் அரைநாள் லீவு கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. அங்கிருந்தே பார்க்கலாமே, அதற்குத்தானே கையடக்கமாக ஒன்று வாங்கிக் கொடுத்தது என்றான். இல்லை சார், வெறுங்கையோடு போகிறேன் என்றாள். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, மேலிடத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது என்று அவன் தலையைச் சொறிந்தான். அவள் இடத்தை விட்டு நகரவில்லை. இந்த ஒரு தரம்தான் மேம் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டான். லேப்டாப்பை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

சென்டரின் கண்ணாடிக் கதவருகே லிசெல் அவளைத் தடுத்தாள். உள்ளே தென்சியோவின் படுக்கையோரம் சோலெங் அக்கா உட்கார்ந்து ஏதோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாயிற்று அவன் அப்படிச் சிரித்து.

"பாந்தாய் உள்ள இருக்காங்க மேம். ஒருத்தருக்கு ஒருத்தர்தான் விடுவோம்."

"நான் அவரு பொண்டாட்டி."

"தெரியும் மேம்" என்றாள் லிசெல் தயக்கத்தோடு. "பேர மாத்தினது அவர்தான். கேட்டுட்டு வர்றேன் இருங்க."

மில்ட்ரெட் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். லிசெல் குனிந்து சொன்னாள். தென்சியோ கதவுப் பக்கம் திரும்பாமலே ஏதோ கேட்டான். லிசெல் திரும்பி வந்து சங்கடத்தோடு கேட்டாள்:

"அதக் கொண்டு வந்திருக்கீங்களான்னு கேக்குறாரு."

மில்ட்ரெட் இல்லை என்று தலையசைத்து, வெறுங்கைகளை விரித்துக் காட்டினாள். லிசெல் மறுபடி உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து சோலெங் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்தாள். மில்ட்ரெட்டின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் கிழவரின் படுக்கைக்குத் திரும்பினாள்.

மில்ட்ரெட் உள்ளே போனபோது தென்சியோ கண்ணை மூடியிருந்தான். நாற்காலியை அவன் முகம் தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது.

"வந்துட்டியா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"வந்துட்டேன்" என்றாள்.

ஊசி குத்தாத கையை அவன் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.